வீட்டைக் காப்பாற்றிய மொட்டை மாடி

மொட்டை மாடியால் என்ன பிரயோஜனம் என்று உங்களை யாராவது கேட்டால், உடனே ஒரு ஜாபிதா ஒப்பித்து விடுவீர்கள். வடாம் பிழியலாம்; வற்றல் காயப் போடலாம்; துணி உலர்த்தலாம்; கோடைக்கால ராத்திரியில் பாயை விரித்துப் படுத்துக் கொண்டு, நட்சத்திரங்களை எண்ணுகிற சாக்கில் அடுத்த வீட்டுச் சங்கதிகளைப் பேசலாம். ஆனால், "வீடு முழுவதும் குடித்தனக்காரர் இல்லாமல் காலியாகக் கிடந்தது, கடனோ கழுத்து மட்டும் இருந்தது, கடைசியில் அந்த வீட்டைத் தூக்கி நிறுத்தியது மொட்டை மாடிதான்" என்று சொன்னால் நம்புவீர்களா?

அப்படி ஒரு வீடு இருக்கிறது. நியூயார்க் நகரில் ஐந்தாவது அவென்யூவும் முப்பத்து நாலாவது தெருவும் கூடுகிற மூலையில் இருக்கிறது. மாடிகள் 102. பெயர் எம்பயர் ஸ்டேட் பில்டிங்.

"தெரியாதா என்ன? கிங்காங் என்ற ராட்சசக் குரங்கு ஏறி நின்றதே, அந்தக் கட்டிடம்தானே?" என்கிறீர்கள். அதேதான். 1933-ல் வந்த அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் குரங்கைக் கண்டு நடுங்கினார்களே தவிர, குரங்கு பிடித்துக் கொண்டிருந்த கட்டிடத்தின் கதியைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. அந்தச் சமயத்தில் உள்ளே ஏறக்குறைய முக்கால்வாசி இடத்தில் ஆளே கிடையாது!

அது எப்படி நேர்ந்தது என்று பார்ப்போம்.

1929-ம் ஆண்டில் நியூயார்க் கோடீசுவரர்களுக்கு ஒரு விசித்திரமான வியாதி பிடித்திருந்தது. யார் கட்டிடம் உயரம் என்கிற வியாதி. மோட்டார் கார் அதிபர் கிரைஸ்லர் தம் பெயரால் ஒரு கட்டிடம் எழுப்பினார். போட்டிக்கு வந்தவர்களை ஏமாற்றுவதற்காக அதன் ஊசிக் கோபுரத்தை உள்ளுக்குள்ளேயே ரகசியமாகச் செய்து வைத்திருந்து, திடீரென்று ஒரு நாள் மேலே தூக்கி நிறுத்தினார். 1,046 அடி! ஊரே வாயைப் பிளந்தது.

ஜான் ராஸ்கோப் என்ற இன்னொரு கனவானுக்கு இதைப் பார்த்துச் சும்மா இருக்க முடியவில்லை. இவரும் மோட்டார் கார் வியாபாரத்தில் பணம் சேர்த்தவர்தான். சிற்பியான வில்லியம் லாமைக் கூப்பிட்டு, மேஜை மீது ஒரு தடிப் பென்சிலைச் செங்குத்தாக நிறுத்தி, "விழாமல் எவ்வளவு உயரம் கட்ட முடியும்?" என்று கேட்டதாக ஒரு கதை உண்டு. லாம் இரண்டே வாரத்தில் படம் போட்டுக் கொடுத்துவிட்டார். அதற்கு மேலும் 200 அடிக்கு ஒரு கம்பத்தை வைத்து 1,250 அடி ஆக்கினார்கள். அந்தக் கம்பத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அது ஒரு தனித் தமாஷ்.

பணம் ராஸ்கோப்புடையது என்றால், முகம் அல் ஸ்மித்துடையது. நியூயார்க் ராஜ்யத்தின் மாஜி கவர்னர். நாலு தடவை அந்தப் பதவியை வகித்தவர். சிறு பிராயத்திலேயே தகப்பனாரைப் பறி கொடுத்துப் பள்ளிக்கூடத்தை விட்டு நின்று, மீன் மார்க்கெட்டில் வேலை பார்த்துக் குடும்பத்தைத் தாங்கியவர். 1928-ல் அமெரிக்க ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட்டு, ஹூவர் என்பவரிடம் தோற்றுப் போனார். தோற்ற மனிதருக்குக் கௌரவமான உத்தியோகம் வேண்டுமே? கட்டிடக் கம்பெனிக்குத் தலைவரானார். 1929 ஆகஸ்டில் கட்டப் போகும் செய்தியை வெளியிட்டார். அக்டோபரில் பங்கு மார்க்கெட் சரிந்தது. ஒரே வாரத்தில் லட்சாதிபதிகள் ஓட்டாண்டி ஆனார்கள்.

புத்திசாலிகள் அந்த இடத்திலே நிறுத்தியிருப்பார்கள். இவர்கள் நிறுத்தவில்லை. அங்கே இருந்த வால்டார்ப் அஸ்டோரியா என்ற பிரபல ஹோட்டலை இடித்துத் தள்ளி, 1930 ஜனவரியில் அஸ்திவாரம் தோண்ட ஆரம்பித்தார்கள்.

கட்டிய வேகத்தை என்னவென்று சொல்வது! நம்மில் பலர் ஒரு மச்சு எடுப்பதற்குள் மேஸ்திரியிடம் எத்தனை தடவை "நாளைக்கு, நாளைக்கு" என்று கேட்கிறோம்? அங்கே வாரத்துக்கு நாலரை மாடி வீதம் எழும்பிற்று. 57,000 டன் எஃகு, ஒரு கோடிச் செங்கல். வேலை மும்முரமாக நடந்த நாட்களில் ஒரே சமயத்தில் 3,400 பேர் உழைத்தார்கள். எஃகுத் தூண்கள் பிட்ஸ்பர்க் பக்கத்திலிருந்து வரும்போதே, எந்தத் தூண் எந்த மாடியில் எந்த மூலையில் நிற்க வேண்டும் என்று எண் எழுதியிருக்கும். தெருவில் சாமான்களைக் குவித்து வைக்க இடம் கிடையாது. வண்டியிலிருந்து இறக்கினால் நேரே மேலே போக வேண்டியதுதான். மாடிகளில் குட்டித் தண்டவாளம் போட்டு, தள்ளு வண்டிகளில் செங்கல்லை உருட்டிக் கொண்டு போனார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த சமாசாரம் சாப்பாட்டு ஏற்பாடு. 50-வது மாடியில் வேலை செய்கிறவன் மத்தியான்னச் சாப்பாட்டுக்குக் கீழே இறங்கிப் போய்த் திரும்பி வந்தால் அரை நாள் போய்விடாதா? ஆகவே, கட்டிடம் உயர உயரச் சாப்பாட்டுக் கடையும் கூடவே ஏறிக் கொண்டு போயிற்று. நடுநடுவே சில மாடிகளில் சுடச்சுட உணவு கிடைத்தது. சாப்பாட்டு வேளையில் சிப்பந்திகளைக் காக்க வைத்தால் வேலை ஓடாது என்பதைக் கண்டுபிடிக்கக் காலேஜுப் படிப்பு தேவையில்லை. அடுக்களையில் இருக்கும் எவரும் சொல்லியிருப்பார்கள்.

தூண்களை இணைக்கும் ரிவெட் ஆணிகள் அடிப்பதைப் பார்க்கத் தெருவில் கும்பல் கூடுமாம். நாலு பேர் சேர்ந்தது ஒரு கோஷ்டி. ஒருவன் உலையில் ஆணியைச் செக்கச் செவேலென்று காய்ச்சுவான். இடுக்கியால் எடுத்து வீசி எறிவான். அந்தரத்தில் ஒரு குறுக்குச் சட்டத்தில் நிற்கும் இன்னொருவன் அதை ஒரு தகரக் குவளையில் 'டங்'கென்று பிடித்து, துவாரத்தில் செருகுவான். மூன்றாமவன் ஒரு பக்கம் முட்டுக் கொடுக்க, நாலாமவன் காற்று யந்திரச் சம்மட்டியால் அடித்து இறுக்குவான். நெருப்புத் துண்டைப் பந்து போலப் பிடிக்கிற இந்த விளையாட்டில் ஒன்று தவறினால்? கீழே ஆயிரம் அடி. கம்பெனிக் கணக்குப்படி, கட்டி முடிப்பதற்குள் ஐந்து தொழிலாளிகள் இறந்தார்கள்.

இந்தத் தொழிலாளிகளைப் படம் பிடித்தவர் லூயிஸ் ஹைன். முன்பு தொழிற்சாலைகளிலும் சுரங்கங்களிலும் குழந்தைகள் படும் பாட்டைப் படமெடுத்து அமெரிக்கர்களின் மனசாட்சியைக் குத்தியவர். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல், கட்டிடத்துக்கு வெளியே தொங்கவிட்ட ஒரு கூடையில் காமிராவோடு நின்று கொண்டு அந்தப் படங்களை எடுத்தார். வீட்டில் என்ன சொல்லிவிட்டுக் கிளம்பினாரோ!

1930 மார்ச் 17-ம் தேதி எஃகு நிறுத்த ஆரம்பித்து, 410 நாட்களில் எல்லாம் முடிந்தது. 1931 மே 1-ம் தேதி திறப்பு விழா. வாஷிங்டனிலிருந்து ஜனாதிபதி பொத்தானை அழுத்த, நியூயார்க்கில் கட்டிடத்தின் விளக்குகள் எரிவதாக ஏற்பாடு. அந்த ஜனாதிபதி யார் தெரியுமா? ஸ்மித்தைத் தோற்கடித்த அதே ஹூவர்தான்! இந்தக் காட்சியை ஒரு தொடர்கதையில் எழுதியிருந்தால், "கட்டுக் கதை" என்று நீங்களே கடிதம் போட்டிருப்பீர்கள்.

விளக்கு எரிந்தது. ஆனால், விளக்கின் கீழ் உட்கார ஆள் வேண்டுமே!

நாடெங்கும் வேலையில்லாத் திண்டாட்டம். ரொட்டிக்கும் சூப்புக்கும் ஜனங்கள் தெருத் தெருவாக வரிசை நின்றார்கள். இருக்கிற ஆபீஸ்களையே மூடிக் கொண்டிருந்த காலத்தில், புது ஆபீஸுக்கு வாடகை கொடுப்பவர் யார்? இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் வாங்கிய கடன் மட்டும் 2 கோடியே 75 லட்சம் டாலர். வட்டி தன் பாட்டுக்கு வளர்ந்தது. ஊரார் 'எம்பயர்' என்பதை 'எம்ப்டி' என்று மாற்றி, 'காலி ஸ்டேட் பில்டிங்' என்று கேலி செய்தார்கள். ஆள் இருப்பது போல் தோன்றுவதற்காக, காலி மாடிகளில் ராத்திரி வேளையில் விளக்குப் போட்டு வைத்ததாகவும் சொல்வார்கள். கல்யாண வீட்டில் கூட்டம் சேராவிட்டால் முன் வரிசை நாற்காலிகளில் உறவுக்காரர்களைக் கொண்டு வந்து உட்கார வைப்பதில்லையா? அந்த மாதிரிதான்.

இந்தக் கஷ்ட காலத்தில்தான் மொட்டை மாடி கை கொடுத்தது.

86-வது மாடியில், தரைக்கு 1,050 அடி உயரத்தில், நாலு பக்கமும் திறந்த வெளியாக ஒரு தளம். அதற்கும் மேலே 102-வது மாடியில் ஒரு சின்ன வட்ட அறை. ஏறிப் பார்க்கக் கட்டணம் ஒரு டாலர். அன்றைக்கு ஒரு டாலர் சாமானியத் தொகை அல்ல. இருந்தும் ஜனங்கள் வந்தார்கள்! முதல் வருஷத்தில் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கொடுத்த பணம், கட்டிடத்தின் மொத்த வாடகை வருமானத்துக்குச் சமமாக இருந்தது. கீழே 80-க்கு மேற்பட்ட மாடிகள் சேர்ந்து சம்பாதித்ததை, மேலே ஒரு மொட்டை மாடி தனியாகச் சம்பாதித்தது.

சாப்பாட்டுக்கே திண்டாடிய வருஷத்தில் எதற்காக அந்தச் செலவு? யோசித்துப் பார்த்தால் அவ்வளவு ஆச்சரியமில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தெருவில் நிற்கிறபோது கஷ்டம் மட்டும்தான் கண்ணில் படும். வரிசை நிற்கும் மனிதர்கள், மூடிய கடை, வாடகைக்கு என்ற பலகை. ஆயிரம் அடிக்கு மேலே போனால் அதே ஊர் வேறு மாதிரி இருக்கிறது. இரண்டு நதிகள், பாலங்கள், துறைமுகம், சுதந்திர தேவியின் சிலை, பச்சைப் பசேலென்று சென்ட்ரல் பார்க். தெளிவான நாளில் 80 மைல் தூரம் கண்ணுக்கு எட்டும். இவ்வளவு பெரிய ஊர் எங்கேயும் போய்விடவில்லை, அங்கேயேதான் இருக்கிறது என்று பார்த்துவிட்டு இறங்குவதற்கு ஒரு டாலர் கொடுக்கலாம் அல்லவா?

மேலே போனவர்களில் ஒரு பெண்மணியைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். ஹெலன் கெல்லர். பத்தொன்பது மாதக் குழந்தையாக இருந்தபோதே கண் பார்வையையும் காது கேட்கும் சக்தியையும் இழந்தவர். அவரும் ஒரு நாள் அந்த மாடிக்கு ஏறினார். "நீங்கள் அங்கே என்ன பார்த்தீர்கள்?" என்று டாக்டர் ஜான் பின்லி என்ற பத்திரிகாசிரியர் கேட்டு எழுதினார். இந்தக் கேள்வியைக் கேட்கவே நமக்கெல்லாம் நாக் கூசும். ஹெலன் கெல்லருக்குக் கோபம் வரவில்லை. 1932 ஜனவரியில் நீண்ட கடிதம் ஒன்று பதிலாக எழுதினார். கூட வந்தவர்கள் சொல்லச் சொல்லத் தாம் மனத்தில் கண்ட நதியையும், தீவையும், அவ்வளவு உயரத்தைக் கற்பனை செய்த மனிதர்களின் துணிச்சலையும் வர்ணித்தார். பார்ப்பதிலேயே அவ்வளவு லயித்துவிட்டதால், பார்வையைப் பற்றிய நினைப்பே தமக்கு எழவில்லை என்றும் சொன்னார். கண்ணிருக்கும் பிரயாணிகள் எழுதிய வர்ணனைகள் எத்தனையோ உண்டு. ஆனாலும், இன்றுவரை எல்லோரும் தேடிப் படிப்பது அந்தக் கடிதத்தைத்தான்.

இப்போது கம்பத்தின் கதைக்கு வருவோம். அது எதற்காக வைத்தது தெரியுமா? ஆகாயக் கப்பல்களைக் கட்டிப் போடுவதற்காக! ஐரோப்பாவிலிருந்து மிதந்து வரும் பிரம்மாண்டமான கப்பலை உச்சியில் மாட்டைக் கட்டுவது போலக் கட்டிவிட, பிரயாணிகள் ஒரு பலகை மீது நடந்து கட்டிடத்துக்குள் இறங்கி, ஏழு நிமிஷத்தில் தெருவில் இருப்பார்களாம். 1,250 அடி உயரத்தில், வீசுகிற பேய்க் காற்றில், ஒரு பலகையில் நடப்பதற்கு எந்தப் பெண்மணி சம்மதித்திருப்பாள் என்று ஒருவர்கூடக் கேட்டதாகத் தெரியவில்லை. 1931 செப்டம்பரில் ஒரு சின்ன ஆகாயக் கப்பலைக் கொண்டு வந்து மூன்று நிமிஷம் கட்டிப் பார்த்தார்கள். அத்தோடு சரி. ஆனால், வீண் என்று நினைத்த கம்பம் வீணாகவில்லை. அதே 1931-ல் அங்கிருந்து டெலிவிஷன் ஒலிபரப்புப் பரீட்சைகள் ஆரம்பமாயின. 1950-களில் பெரிய ஆண்டெனாவை ஏற்றி வைத்து, டெலிவிஷன் கம்பெனிகளிடம் வாடகை வசூலித்தார்கள். மொட்டை மாடிக்கும் மேலே இன்னொரு குடித்தனம்!

1945 ஜூலை 28-ம் தேதி, சனிக்கிழமை காலை, கடும் மூடுபனி. ராணுவ விமானம் ஒன்று நகரத்தின் மேல் வழி தவறிற்று. "எம்பயர் ஸ்டேட்டின் உச்சி எங்கள் கண்ணுக்கே தெரியவில்லை" என்று விமான நிலையத்தார் விமானிக்கு எச்சரிக்கை செய்திருந்தார்கள். விமானம் 79-வது மாடியில் வந்து மோதிற்று. அங்கே கத்தோலிக்க யுத்த நிவாரண ஸ்தாபனத்தின் ஆபீஸ். அந்தக் காலையிலும் பல பெண்கள் வேலைக்கு வந்திருந்தார்கள். விமானத்தில் இருந்த மூவரும் கட்டிடத்தில் இருந்த 11 பேரும் மாண்டார்கள்.

லிப்ட் இயக்கி வந்த பெட்டி லூ ஆலிவர் என்ற இருபது வயதுப் பெண் மோதிய அதிர்ச்சியில் தூக்கி எறியப்பட்டாள், உடம்பில் தீக்காயம். முதல் சிகிச்சை செய்து, அவளை வேறொரு லிப்டில் வைத்துக் கீழே அனுப்பினார்கள். விமானம் மோதியதில் அந்த லிப்டின் வடங்கள் பழுதாகியிருந்தது யாருக்குத் தெரியும்? வடங்கள் அறுந்தன. 75 மாடி உயரத்திலிருந்து லிப்ட் அடித்தளத்துக்கு விழுந்தது. உடைந்த வடங்கள் கீழே சுருள் சுருளாகக் குவிந்து மெத்தை போல ஆனதும், குழாய்க்குள் அடைபட்ட காற்றும் சேர்ந்து வேகத்தைத் தணித்தன என்கிறார்கள். எலும்புகள் முறிந்தும் அவள் உயிர் பிழைத்தாள். அவ்வளவு உயரத்திலிருந்து லிப்டில் விழுந்து பிழைத்தவர் என்று கின்னஸ் புத்தகத்தில் பெயர் ஏறிவிட்டது. சில மாதங்கள் கழித்து அதே கட்டிடத்துக்கு வந்து மறுபடியும் லிப்டில் ஏறி மேலே போனாள் என்று படித்தபோது, அந்தப் பெண்ணின் நெஞ்சுரத்தை நினைத்து நான் சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

கட்டிடத்துக்கு என்ன ஆயிற்று என்கிறீர்களா? தீயை நாற்பது நிமிஷத்தில் அணைத்துவிட்டார்கள். எஃகுக் கூடு அசையவில்லை. திங்கட்கிழமை காலையில் பல மாடிகளில் ஆபீஸ்கள் வழக்கம்போல் நடந்தன.

வாழ்க்கை வெறுத்துப் போன சிலரும் அந்த மாடிக்கு ஏறினார்கள். அதனால் 1947-ல் விளிம்பைச் சுற்றி உயரமான வேலி அமைத்தார்கள். அந்த வேலி எத்தனையோ குடும்பங்களின் கண்ணீரைத் தடுத்திருக்கும்.

சினிமாக்காரர்கள் விஷயம் வேறு. 1957-ல் வந்த 'ஆன் அபேர் டு ரிமெம்பர்' என்ற படத்தில், காதலர் இருவர் அந்த மொட்டை மாடியில் சந்திப்பதாக வாக்குக் கொடுத்துப் பிரிகிறார்கள். சொன்ன நாளில் காதலன் மேலே காத்திருக்கிறான். அவசரமாக ஓடி வந்த காதலி கீழே தெருவில் மோட்டாரில் அடிபட்டு விழுகிறாள். அது தெரியாமல், ஏமாற்றிவிட்டாள் என்று அவன் நினைத்துக் கொள்கிறான். எத்தனை கைக்குட்டைகள் நனைந்தனவோ! 1994 முதல் காதலர் தினத்தன்று அங்கே கல்யாணங்களும் நடக்கத் தொடங்கின. இதில் ஒரு விஞ்ஞான வேடிக்கையும் உண்டு. உலர்ந்த குளிர் நாட்களில் அவ்வளவு உயரத்தில் மனிதர் உடம்பில் மின்சாரம் ஏறிக் கொள்கிறதாம். புது மணத் தம்பதிகள் முத்தமிட்டால் உதட்டில் சுரீரென்று பொறி தட்டும் என்று காவல் சிப்பந்திகள் எச்சரிப்பார்களாம். கட்டிடத்தின் மேலே வருஷத்துக்கு இருபது தடவைக்கு மேல் இடி விழுகிறது. இடிதாங்கி இருப்பதால் உள்ளே இருப்பவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. பனி பெய்யும் நாளில் கீழிருந்து வீசும் காற்று பனித்துகளைத் தூக்கிக் கொண்டு வருவதால், பனி மேல் நோக்கிப் பெய்வது போலத் தோன்றும்.

உலகத்திலேயே உயர்ந்தது என்ற பட்டம் 1970-ல் போயிற்று. அதே ஊரில் எழுந்த உலக வர்த்தக மையத்தின் கோபுரங்கள் அதைத் தட்டிக் கொண்டன. 2001 செப்டம்பரில் அந்தக் கோபுரங்கள் விழுந்த பின், நியூயார்க்கின் மிக உயரமான கட்டிடம் என்ற பெயர் திரும்பி வந்தது. ஆனால் அப்படித் திரும்பி வந்ததில் யாருக்கும் சந்தோஷமில்லை. 2012-ல் புதுக் கோபுரம் ஒன்று அதையும் தாண்டிற்று. ஷாங்காயில் இதைவிட உயரமாகவும், துபாயில் இதைப் போல் இரண்டு பங்கு உயரத்துக்கும் கட்டிவிட்டார்கள். இவ்வளவுக்கும் பிறகு, 2012-ல் மட்டும் 40 லட்சம் பேருக்கு மேல் இந்த மொட்டை மாடிக்கு ஏறினார்கள். ஆபீஸ்களெல்லாம் நிரம்பி வழிந்த காலத்திலும் கட்டிட வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கைக் கொடுத்தது அதுதான். மூத்த பிள்ளைகள் தலையெடுத்த பிறகும் வீட்டுச் செலவுக்குப் பணம் கொடுப்பதை நிறுத்தாத பாட்டியம்மாளைப் போல!

உச்சியில் ராத்திரி வேளைகளில் வர்ண விளக்குப் போடும் வழக்கம் 1976-ல் வந்தது. இப்போது தீபாவளிக்கும் ஆரஞ்சு வர்ணத்தில் விளக்கேற்றுகிறார்கள். பறவைகள் கூட்டமாக இடம் பெயரும் பருவத்தில், மேகமூட்டமான இரவுகளில் வெளிச்சம் அவற்றின் கண்ணைக் கூசச் செய்து மோத வைத்துவிடும் என்பதால் விளக்குகளை அணைத்துவிடுவதும் உண்டு.

மகளின் பிரசவத்துக்கோ பேரனைப் பார்க்கவோ நியூஜெர்ஸிக்குப் போகும் தாய்மார்கள் நம்மிடையே இன்று ஏராளம். அவர்களுக்கு இரண்டு வார்த்தை. டிக்கெட் இப்போது நாற்பது டாலருக்கும் மேலே. ரூபாயில் பெருக்கிப் பார்த்தீர்களானால் லிப்டில் ஏறவே மாட்டீர்கள், ஆகவே கணக்கை மாப்பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். வயதானவர்களுக்குச் சற்றுக் குறைவு. பார்வையாளர் வாசல் முப்பத்து நாலாவது தெருவில் இருக்கிறது. 80-வது மாடி வரையில் ஒரு லிப்ட். அங்கே மாறி 86-க்குப் போக வேண்டும். காது 'ஞொய்' என்று அடைத்தால் பயப்படாமல் எச்சிலை விழுங்குங்கள். கோடையானாலும் ஒரு சால்வை அவசியம். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக் கொள்ளுங்கள், மேலே காற்று அப்படி. சூரியன் அஸ்தமிப்பதற்கு ஒரு மணி முன்னதாகப் போனால் பகல், அந்தி, விளக்கு வைத்த நேரம் மூன்றையும் ஒரே டிக்கெட்டில் பார்க்கலாம். மேற்குப் பக்கத்து வேலி ஓரமாய் நின்று பாருங்கள். ஹட்ஸன் நதிக்கு அக்கரையில் ஒவ்வொன்றாக விளக்குகள் எரிய ஆரம்பிக்கும். அந்தப் பக்கம்தான் உங்கள் பெண்ணின் வீடு.